வெள்ளைக் கல் வந்த பிறகு: நாங்குநேரிப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் காளவாசலில் நடந்தது

பின்னணி

நாங்குநேரி வட்டாரத்தில் ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாக நடத்திவரும் சுண்ணாம்புக் காளவாசல் இது. செங்கல் வைத்துக் கட்டிய நேர்க்குத்துச் சூளை. மேலிருந்து ஓர் அடுக்கு கல், ஓர் அடுக்கு கரி என்று மாற்றி மாற்றிக் கொட்டுவார்கள். கீழே வாய்வழியாக வெந்த சுண்ணாம்பை இழுத்து எடுப்பார்கள். கரிக்குப் பஞ்சமில்லை, சுற்றிலும் சீமைக் கருவேலம்தான். சரக்கு வெள்ளையடிப்பவர்களுக்குப் போகும், பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சு பூசும் கொத்தனார்களுக்குப் போகும், பருவத்தில் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவும் பனையேறிகளுக்கும் போகும்.

பல காலம் அவர்கள் எரித்தது சுக்கான் கல். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இந்த மண்ணில் சுக்கான் உருவாவதற்கான சூழல் அப்படியே இருக்கிறது. பெய்யும் கொஞ்ச மழை மண்ணிலிருக்கும் கால்சியத்தைக் கரைத்துக் கீழே இறக்கும். அடுத்து வரும் நீண்ட வெயிலில் ஈரம் மேலேறி ஆவியாகும்போது, கரைந்தது கால்சியம் கார்பனேட்டாக மண்ணுக்குள்ளேயே உறையும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இது திரும்பத் திரும்ப நடந்தால் உருண்டையும் தட்டையுமாகச் சுக்கான் படிவு கிடைக்கும். மண்ணோடு சேர்ந்தே உறைவதால் களிமண் கலப்பு இருக்கும். எரித்தால் வரும் சுண்ணாம்பு பளிச்சென்று வெளுப்பாக இருக்காது. ஆனால் அந்தக் களிமண்ணால் பூச்சுக்கு நல்ல பிடிப்பு வரும். கட்டடச் சுண்ணாம்புக்கான இந்தியத் தரக் குறிப்பேடு ஐ.எஸ். 712, சுக்கான் சுண்ணாம்புக்கு 'ஈ' என்று தனி வகையே வைத்திருக்கிறது.

சுக்கான் படிவு மெல்லியது, பெரும்பாலும் பட்டா நிலத்துக்கு அடியில் இருப்பது. இவர்களுக்குக் கல் கொடுத்துவந்த நிலங்கள் ஒவ்வொன்றாக மனையாகவும் காற்றாலைக்கும் போயின. ஒரு கார்த்திகை மழையோடு கடைசிக் குழியும் நின்றுபோனது.

கல்லை மாற்றியது

சில மைல் தள்ளி வேறொருவர் நடத்தும் குவாரியில் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் கிடைத்தது. கையில் எடுத்தால் சர்க்கரைக் கட்டி மாதிரி மினுங்கும். விலையும் கட்டுப்படியானது. உரிமையாளர் சொன்ன நியாயம் இது: "இந்தக் கல்லிலதான் சிமெண்டே பண்ணுறாங்க. சுக்கானைவிட வெள்ளை. இதைவிடச் சுத்தமான கல்லுக்கு எங்க போக?"

தவறான யோசனை என்று சொல்ல முடியாது. தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949இல் ஓடத் தொடங்கியதே இந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். ஆனால் சிமெண்ட் ஆலையில் கல் கல்லாக உலைக்குள் போவதில்லை. நொறுக்கி, மாவாக அரைத்து, களிமண்ணோடு அளவு பார்த்துக் கலந்து, 1,450 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். ஒரு பகுதிக் கல் மட்டமாக இருந்தாலும் கலவையில் சரிக்கட்டிவிடலாம். நேர்க்குத்துச் சூளையில் அந்த வசதி கிடையாது. போட்ட கல் கடைசிவரை கல்லாகவே நிற்க வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்று போக வேண்டும்.

தை மாதம் முதல் வண்டி இறங்கியது. சுக்கானுக்குப் பழகிய அதே கரி அளவிலேயே எரித்தார்கள்.

வந்த புகார்கள்

முதலில் புகார் சொன்னவர்கள் பனையேறிகள். கலயத்தில் தடவும் சுண்ணாம்பு பதநீரின் காரத்தன்மையை உயர்த்திவைத்து, அது கள்ளாகப் புளிப்பதைத் தடுக்கிறது. மாசியில் பருவம் தொடங்கியதும், வழக்கமான அளவு தடவியும் காலையில் இறக்கும் பதநீர் புளித்திருக்கிறது என்றார்கள். வெயில்தான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்தது பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பழைய வீடு. சுண்ணாம்புப் பூச்சு பூசிச் சில வாரம் கழித்துச் சுவரில் சின்னச் சின்னக் கூம்பாகப் பொரிந்து விழத் தொடங்கியது. விழுந்த குழி ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக ஒரு குருணை. கொத்தனார் சலித்தது சரியில்லை என்று இவர்கள் சொல்ல, சரக்கு சரியில்லை என்று அவர் சொல்ல, பேச்சு நீண்டது.

காளவாசலிலோ வேறு சிக்கல். கீழே இழுக்கும்போது கல்லின் நடுவே வேகாத கரு நிறைய வந்தது. மேஸ்திரி கரியைக் கூட்டினார். அப்படியும் கரு குறையவில்லை. இன்னும் கூட்டினார். பங்குனியில் ஒரு நாள் மேலே கல் கொட்டிக்கொண்டிருந்த பெண் தொழிலாளி ஒருவர் தலைசுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் உடனே கீழே இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் கொடுத்தார்கள். உயிர் பிழைத்து நலமாக வீடு திரும்பினார். அன்றைக்குத்தான் உரிமையாளர் எனக்குப் போன் செய்தார். நான் நிலவியல் படித்தவன், சிறிய குவாரிகளுக்குக் கல் மாதிரி எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன்.

காளவாசலில் பார்த்தது

சூளை வாயில் கிடந்த குவியலைப் பார்த்ததுமே பாதி விஷயம் தெரிந்தது. உள்ளே போட்டது கையகலக் கல், வெளியே வந்ததில் பெரும்பங்கு மணல். மேஸ்திரி இதை முன்னமே கவனித்திருக்கிறார். "கல்லு உள்ள போயி சூடு பிடிச்சதும் பொரியிது அண்ணாச்சி, மேல நின்னா சடசடன்னு சத்தம் கேக்கும்" என்று அவர் மாசியிலேயே உரிமையாளரிடம் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை யாரும் காதில் வாங்கவில்லை என்பதே எனக்கு மிகவும் வருத்தமான இடம். ஏனென்றால் முழுக் கோளாறும் அந்த ஒரு வரியில் இருந்தது.

இந்தப் பொரிதலுக்குக் காரணம் கல் பிறந்த விதம். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல், கடலில் படிந்து அப்படியே இறுகிய கல் அல்ல. ஒரு காலத்தில் கடலடிச் சுண்ணாம்புச் சேறாக இருந்து, பூமிக்குள் ஆழப் புதைந்து, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலும் பெரும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. அந்த நெடுங்காலச் சூட்டில் நுண்ணிய கால்சைட் (கால்சியம் கார்பனேட் தாது) துகள்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிய படிகங்களாக வளர்ந்தன. மினுமினுப்பு அதனால் வந்தது. ஆக, அந்த மினுக்கம் கல் எவ்வளவு வெந்தது என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு சுத்தம் என்பதைச் சொல்லாது.

கால்சைட் படிகத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சூடேறும்போது ஓர் அச்சில் நீளும், அதற்குக் குறுக்கே சற்றுச் சுருங்கும். படிகங்கள் நுண்ணியதாக இருந்தால் இந்த இழுபறியைக் கல் தாங்கிக்கொள்ளும். நெல்மணி அளவுக்குப் பெரிய படிகங்கள் ஆளுக்கொரு திசையில் நின்றால், சேரும் இடங்களெல்லாம் விட்டுப்போகும். சுண்ணாம்பாக மாற வேண்டிய 900 டிகிரியை எட்டுவதற்கு வெகு முன்பே கல் உதிர்ந்து மணலாகிவிடும்.

பிறகு நடந்ததெல்லாம் இதன் தொடர்ச்சி. உதிர்ந்த மணல் கல் இடுக்குகளை அடைத்தது. காற்று நடுவே ஏற முடியாமல் சுவரோரமாக மட்டும் ஏறியது. கார்பனேட் கல் வேகும்போது கரியமில வாயு வெளியேற வேண்டும். கல் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கித்தான் வேகும், அதற்கு நேரமும் சூடும் தேவை. காற்று போகாத நடுப்பகுதியில் கல் கருவோடு இறங்கியது. காற்று பாய்ந்த ஓரத்திலோ அளவுக்கு மீறி வெந்து இறுகியது. இப்படி இறுகிய குருணை தண்ணீர் ஊற்றினால் உடனே நீறாது, அதாவது பொடிந்து மாவாகாது. சுவரில் பூசிய பின் காற்று ஈரத்தைக் குடித்து மெதுவாக நீறி, ஊதி, பூச்சைத் தள்ளும். பாளையங்கோட்டைச் சுவரில் நடந்தது இதுதான். பனையேறிகளுக்குக் கிடைத்த சரக்கில் வேகாத கல்லும் வெந்து செத்த கல்லும் கலந்திருந்ததால், காரம் கொடுக்கும் பங்கு குறைந்துபோனது.

கரியைக் கூட்டியது எல்லாவற்றையும்விட ஆபத்தான திருத்தம். காற்று இல்லாத இடத்தில் கரி முழுதாக எரியாது. கல்லிலிருந்து வரும் கரியமில வாயுவும் சிவந்த கரி மேல் பட்டு கார்பன் மோனாக்சைடாக மாறும். அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அந்த அம்மா உட்கார்ந்த இடத்துக்கு நேர் கீழேதான் சூளை மிகவும் அடைத்திருந்தது.

குவாரியில் பார்த்தது

குவாரி முகப்பில் கல் ஒரே சீராக இல்லை. சாய்ந்த பட்டைகளாக நின்றது. பெரிய படிகம் கொண்ட பால்வெள்ளைப் பட்டை ஒன்று. அதை ஒட்டி, பழுப்பு மைக்கா மினுக்கும் பச்சைப் புள்ளிகளும் கொண்ட பட்டை ஒன்று. ஓரத்தில், யாரும் தொடாமல் ஒதுக்கிவைத்திருந்த சாம்பல் நிறப் பட்டை ஒன்று. வெள்ளைப் பட்டையோடு மைக்காப் பட்டையும் கலந்துதான் வண்டியில் ஏறியிருந்தது. சாம்பல் கல்லை "அழுக்குக் கல்" என்று தள்ளியிருந்தார்கள்.

பழுப்பு மைக்காவும் பச்சைத் தாதுக்களும் இருந்தால் மெக்னீசியத்தைச் சந்தேகப்பட வேண்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்த்தோம். வெள்ளைப் பட்டை சட்டென்று நுரைத்தது. மைக்காப் பட்டை அமைதியாக இருந்தது. அதையே பொடித்து அமிலம் விட்டதும் நுரைத்தது. கால்சியத்தோடு மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் தாதுவான டோலமைட் இருப்பதற்கான பழைய, நம்பகமான அடையாளம் அது. ஆய்வகப் பகுப்பாய்வும் அப்புறம் அதையே சொன்னது. கட்டியாகச் சுடும் சூளையில் டோலமைட் சேர்ந்தால் மெக்னீசியப் பங்கு முதலில் வெந்துவிடும். கால்சியப் பங்கு வேகும் சூட்டுக்கு வரும்போது மெக்னீசியம் ஆக்சைடு இறுகிப்போயிருக்கும். அது நீறுவதற்கு மாதங்கள், சில சமயம் வருடங்கள்கூட ஆகும். சிமெண்டில் மெக்னீசியம் ஆக்சைடுக்கு 6 சதவீத வரம்பு வைத்திருப்பதும் இந்தப் பயத்தால்தான்.

சாம்பல் பட்டைதான் எனக்கு ஆர்வத்தைத் தந்தது. லென்ஸில் பார்த்தால் நிறத்துக்குக் காரணம் கிராஃபைட் துகள்கள், அதாவது அந்தக் காலத்துச் சேற்றில் இருந்த உயிர்ப்பொருளின் மிச்சம். படிகங்களுக்கு இடையில் உட்கார்ந்துகொண்டு அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைத் தடுத்திருக்கின்றன. அதனால் கல் நுண்படிகமாகவே நின்றிருக்கிறது. கிராஃபைட்டோ கார்பன், சூளையில் காற்றோடு எரிந்து போய்விடும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு சூளையை ஆறவிட்டு முழுதாகக் காலி செய்வது. பருவத்தின் நடுவே இது பெரிய நஷ்டம். உரிமையாளர் தயங்கினார், பாதியாவது ஓட்டலாமா என்று கேட்டார். அடைத்த சூளைக்கு மேல் இன்னொரு ஆளை ஏற்றுவதற்கில்லை என்று மேஸ்திரியே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு அங்கே முடிந்தது.

இரண்டாவது, கல்லை வாங்குவதற்கு முன் சுட்டுப் பார்ப்பது. பக்கத்து ஊர்க் கொல்லர் தன் உலையைக் கொடுத்தார். ஒவ்வொரு பட்டையிலும் கையளவு கல் எடுத்து, எடை போட்டு, மெதுவாகச் சூடேற்றினோம். வெள்ளைக் கல் சிவப்பு நிறம் காட்டுவதற்கு முன்பே உலைக்குள் சிதறியது. சாம்பல் கல் முழுதாக நின்று, வெளுத்து, கைக்கு லேசாக வந்தது. சுத்தமான கால்சியம் கார்பனேட் ஒரு கிலோ சுட்டால் 560 கிராம்தான் மிஞ்சும், 440 கிராம் வாயுவாகப் போகும். 440 கிராமுக்குக் குறைவாகவே எடை இழந்தால் உள்ளே கரு இருக்கிறது, அல்லது வேகாத சிலிகேட் தாதுக்கள் இருக்கின்றன என்று பொருள். சாம்பல் கல்லின் எடை கணக்குக்கு அருகில் நின்றது. தண்ணீர் விட்டதும் சீறிக் கொதித்துத் தும்பைப்பூப் போல நீறியது. உரிமையாளர் அதை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

மூன்றாவது, வெள்ளைப் பட்டையை வீணாக்காமல் வேறு வேலைக்கு அனுப்புவது. சூளையில் குற்றமாக இருந்த குணம் அரவை ஆலையில் குற்றமே இல்லை. பெயிண்ட், பிளாஸ்டிக், கோழித்தீவனம், பாத்திரம் தேய்க்கும் பொடி என்று கால்சைட் பொடிக்குத் தேவை இருக்கிறது. அங்கே வெண்மைக்குத்தான் விலை. சாம்பல் கல் அங்கே போனால் கிராஃபைட் எரியாமல் பொடியைக் கறுக்கவைக்கும். அரவைக்குப் போக வேண்டிய பட்டை சூளைக்குப் போய்க்கொண்டிருந்தது, சூளைக்கு வேண்டிய பட்டை ஒதுங்கிக் கிடந்தது என்பதுதான் நிலைமை.

இதில் சட்டச் சிக்கலும் ஒன்று இருந்தது. சுண்ணாம்புக்கல் பெருங்கனிமம். கட்டடச் சுண்ணாம்பு செய்யக் காளவாசலில் எரிப்பது மட்டும் அப்போது சிறுகனிமமாகக் கருதப்பட்டது. அந்த அனுமதியில் எடுத்த கல்லை அரவை ஆலைக்கு விற்க முடியாமல் இருந்தது. குவாரிக்காரர் உரிய அனுமதிக்கு விண்ணப்பித்தார். அது வரும்வரை வெள்ளைக் கல் முகப்பிலேயே கிடக்கட்டும் என்று விட்டோம்.

நான்காவது, கல்லின் அளவு. பெரிசும் சிறிசும் கலக்காமல் மூன்றிலிருந்து நான்கு அங்குலத்துக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளிவிட்டுச் சூளைக்கு ஏற்றுவது. ஒரே அளவுக் கல் ஒரே நேரத்தில் வேகும், இடுக்கும் திறந்திருக்கும்.

பிறகு நடந்தது

சித்திரைக் கடைசியில் சாம்பல் கல்லோடு சூளையை மறுபடி மூட்டினார்கள். முதல் இரண்டு இழுப்பில் கரு இருந்தது. சுக்கானைவிட இது அடர்த்தியான கல், வேக நேரம் எடுக்கும். கரியைத் தொடாமல் இழுக்கும் இடைவெளியை மட்டும் நீட்டினார் மேஸ்திரி. கரு குறைந்தது. வந்த சுண்ணாம்பு சுக்கானைவிட வெளுப்பு, நன்றாக நீறியது.

ஆனால் இது சுக்கான் சுண்ணாம்பு இல்லை. களிமண் கலப்பு இல்லாத கொழுப்புச் சுண்ணாம்பு, ஐ.எஸ். 712 கணக்கில் 'சி' வகை. வெள்ளையடிக்கவும் கலயத்துக்கும் அருமையானது. பூச்சுக்குத் தனியாகப் போட்டால் இறுக நாளாகும், சுர்க்கி (செங்கல் தூள்) மாதிரி ஏதாவது சேர்க்க வேண்டும். மூட்டையோடு இதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் கொத்தனார்கள் பழைய அளவிலேயே கலப்பார்கள் என்று வற்புறுத்திச் சொன்னேன். இப்போது ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சீட்டு தைத்துக் கொடுக்கிறார்கள்.

பாளையங்கோட்டை வீட்டின் பூச்சைச் சுரண்டி எடுத்து மறுபடி பூசும் செலவை உரிமையாளர் ஏற்றுக்கொண்டார். மைக்காப் பட்டையின் மெக்னீசியம் அதில் எவ்வளவு கலந்திருந்தது என்று தெரியாத நிலையில், மேலோட்டமாக ஒட்டுப்போடுவது நியாயமில்லை. பனையேறிகளில் ஒரு பகுதியினர் தூத்துக்குடியிலிருந்து வரும் சிப்பிச் சுண்ணாம்புக்குப் போய்விட்டார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் திரும்பவில்லை.

வெள்ளைக் கல்லுக்கு அனுமதி வந்தபின் அரவை ஆலைக்குப் போன முதல் வண்டி திரும்பி வந்தது. மைக்கா கலந்து பொடி மங்கலாக இருந்ததாம். இப்போது குவாரியில் பெண்கள் கையாலேயே பொறுக்கிப் பிரிக்கிறார்கள். மெதுவான வேலைதான், ஆனால் அதற்கப்புறம் எந்த வண்டியும் திரும்பவில்லை. மைக்காப் பட்டைக் கல்லுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. ஓரமாகக் குவிந்து கிடக்கிறது.

அந்தப் பெண் தொழிலாளி சூளைக்கு மேல் ஏறும் வேலையை விட்டுவிட்டார். கல் சலிக்கும் இடத்தில் இருக்கிறார். கூலி குறைக்கவில்லை.

மாற்ற வேண்டியது

சூளைத் தலையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இன்னும் வைக்கவில்லை. விலை கேட்டு வைத்திருக்கிறார்கள். அதுவரை மேலே தனி ஆள் ஏறக் கூடாது, காற்று அசையாத நேரத்தில் கொட்டக் கூடாது என்று வழக்கம் வைத்திருக்கிறார்கள். இது போதாது. கருவி வாங்குவதை அடுத்த பருவத்துக்குத் தள்ளக் கூடாது.

குவாரி முகப்பு உள்ளே நகர நகரப் பட்டைகளின் அகலம் மாறும். இன்றைக்குச் சாம்பலாக இருக்கும் இடம் ஆறு மாதம் கழித்து மைக்காப் பட்டையாகலாம். அதனால் புது முகப்பு திறக்கும் ஒவ்வொரு முறையும் அமிலமும் கொல்லர் உலையும் போக வேண்டும். அதற்கு என்னைப் போல் வெளியாள் தேவையில்லை. மேஸ்திரியின் மகன் இரண்டு சோதனையையும் கற்றுக்கொண்டு, பட்டை, எடை, நீறிய விதம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவருகிறார்.

சூளைக்குள் சூட்டை அளக்கும் கருவி ஒன்று நடுமட்டத்தில் பொருத்தினால், கரியைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டும் பழக்கம் நிற்கும். அடுத்து சூளையை ஆறவிட்டு உள்சுவர் பூசும்போது அதற்கான துளையை வைப்பதாக உரிமையாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.